முதல் அட்வெஞ்சர் பைக்: சிசியைக் கடைசியில் பாருங்கள்

அட்வெஞ்சர் டூரிங் பைக் (மோசமான ரோட்டிலும் நீண்ட தூரம் போகும் உயரமான வண்டி) வாங்கலாம் என்று தோன்றியதுமே பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, நான்கு மாடல்களை எடுத்து சிசி (இன்ஜின் அளவு) எவ்வளவு, எத்தனை பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், டிஸ்ப்ளே எத்தனை அங்குலம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. எனக்குத் தெரிந்து, வாங்கிய ஆறு மாதத்துக்குள் இந்த ரக பைக்கை விற்றவர்களில் யாரும் பவர் போதவில்லை என்று விற்கவில்லை. கால் எட்டவில்லை, சிக்னலில் சாய்ந்துவிட்டது, பின்னால் உட்கார மனைவி மறுக்கிறார், சர்வீஸுக்குப் பக்கத்து மாவட்டம் போக வேண்டியிருக்கிறது. காரணமெல்லாம் இவைதான். அதனால் இந்தக் கட்டுரையில் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். முதலில் ரோடு, அப்புறம் உங்கள் கால், அப்புறம் எடை. இன்ஜின் அதற்குப் பிறகு.

நடுத்தர அளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பாவில் 650 முதல் 900 சிசி வரை உள்ளதை அப்படிச் சொல்வார்கள். இந்தியாவில் நடைமுறையில் அது 300 முதல் 450 சிசி. நான் இங்கே பேசுவது பெரும்பாலும் அந்த வகையைப் பற்றி. 250-ம் 650-ம் ஓரத்தில் வந்து போகும்.

உங்கள் ரோடு எது?

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் உண்மையாகவே போகப்போகிற இடங்களை எழுதுங்கள். ஆசைப்படுகிற இடங்கள் வேண்டாம், லீவு கிடைத்தால் போகக்கூடிய இடங்கள் போதும். சென்னையில் இருப்பவருக்கு அது ஏலகிரி, புதுச்சேரி, வருடத்துக்கொரு முறை சொந்த ஊர் என்று இருக்கும். கோவைக்காரருக்கு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. நாமக்கல், சேலம் பக்கம் என்றால் கொல்லிமலையின் 70 வளைவுகள். இவை எல்லாமே தார் ரோடு.

அப்படியானால் அட்வெஞ்சர் பைக் எதற்கு? இதற்கு என்னிடம் இருக்கும் பதில் கொஞ்சம் சாதாரணமானது. நம் ஊரில் ஆஃப் ரோடு என்பது மலையிலும் பாலைவனத்திலும் இல்லை, மேம்பால வேலை நடக்கும் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. மழை பெய்யும் நவம்பர் மாதத்தில் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஜல்லி கொட்டி நிரவாமல் விட்ட ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே நீளமான சஸ்பென்ஷனும் பெரிய முன்சக்கரமும் தருகிற நிம்மதிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். காட்டுப்பாதையில் ஓட்டும் கனவு இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மேற்குத் தொடர்ச்சி மலையில் மண் பாதையாகக் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும், வண்டியும் போகும்.

லடாக் பட்டியலில் இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். வாழ்நாளில் ஒரு முறை போகிற பயணத்துக்காக, மீதி எல்லா நாளும் ஓட்டப்போகிற பைக்கைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லை. லே நகரத்திலேயே வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு விமானத்தில் திரும்பலாம்.

கால் எட்டுகிறதா?

சுவரில் முதுகு ஒட்டி, நீங்கள் ஓட்டும்போது போடுகிற ஷூவோடு நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, இடுக்கில் நன்றாக அழுந்தும்படி மேலே ஏற்றிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் வருவதுதான் உங்கள் உள்கால் அளவு. ஆளின் மொத்த உயரத்தைவிட இந்த எண்தான் முக்கியம். ஒரே 168 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேருக்கு இதில் நாலு செ.மீ. வித்தியாசம் வரலாம்.

இப்போது பைக்கின் சீட் உயரத்தைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ல் 825 மி.மீ., அதை 845-க்கு ஏற்றிக்கொள்ளலாம், குட்டையான சீட் வாங்கினால் 805-க்கு இறங்கும். கேடிஎம் 390 அட்வெஞ்சர் 830. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸும் சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸும் 835. இந்தியாவில் விற்கப்படாத யமஹா டெனெரே 700-ல் 875. அதைப் பற்றிய வீடியோக்களை வாய் பிளந்து பார்க்கிறவர்கள் இந்த ஒரு எண்ணையும் பார்க்கலாம்.

உள்கால் 78 செ.மீ. உள்ளவர் 825-ஐப் பார்த்ததும் பயந்துவிட வேண்டியதில்லை. ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் இறங்கும். அது மேலும் கீழும் அசையும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்குவது சாதாரணம். 200 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள ஹிமாலயனில் அது சுமார் 50 மி.மீ.க்கு மேல். ஆனால் எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது: சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் கால் பக்கவாட்டில் விரிந்து, எட்டுகிற தூரம் குறையும். 835 மி.மீ. உயரமுள்ள ஒல்லியான சீட், 815 உயரமுள்ள அகலமான சீட்டைவிட எளிதாக எட்டுவது உண்டு. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் ஏறி உட்கார்ந்துதான் தீர வேண்டும்.

ஷோரூமில் உட்காரும்போது எல்லோரும் வழுவழுப்பான டைல்ஸ் தரையில், நேராக நிற்கும் பைக்கில் உட்கார்ந்து, இரண்டு முன்பாதமும் பட்டதும் திருப்தியாகிவிடுகிறார்கள். அது பாதிப் பரீட்சைதான். வெளியே தள்ளிவரச் சொல்லுங்கள். ரோட்டோரம் சரிவாக இருக்கும் இடத்தில், சரிவின் பக்கம் உள்ள காலை மட்டும் ஊன்றிப் பாருங்கள். அப்புறம் உட்கார்ந்தபடியே பைக்கைப் பின்பக்கமாக, லேசான ஏற்றத்தில் மூன்றடி தள்ளுங்கள். தெருவில் திருப்பி நிறுத்தும்போது தினமும் செய்யப்போகிற வேலை இது. விரல்நுனி மட்டும் பட்டால் பின்னுக்குத் தள்ள வலு கிடைக்காது. கீழே இறங்கித்தான் தள்ள வேண்டும். இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் நெரிசலில் இறங்க இடம் இருக்காது.

என் கணக்கு இதுதான்: முதல் பெரிய பைக் வாங்குகிறவருக்கு ஒரு பாதம் முழுதாகவோ, இரண்டு முன்பாதங்கள் உறுதியாகவோ பட வேண்டும். அதற்குக் குறைந்தால் குட்டை சீட் கிடைக்குமா என்று கேளுங்கள். பின் சஸ்பென்ஷனின் லிங்க் என்ற இணைப்பை மாற்றி மொத்த பைக்கையும் இறக்குகிற வேலையை மட்டும் முதலிலேயே செய்துவிடாதீர்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) போய்விடும், சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் பைக் நிமிர்ந்து நின்று காற்றுக்கே சாய்ந்துவிடும்.

எடை

ஹிமாலயன் 450 பெட்ரோல், ஆயில் சேர்த்து 196 கிலோ. 390 அட்வெஞ்சர் அதைவிட பத்துக் கிலோவுக்கு மேல் குறைவு. அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 180, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167. அடுத்த அடுக்குக்குப் போனால் கவாஸாகி வெர்சிஸ் 650 ஏறக்குறைய 220, சுசுகி வி-ஸ்ட்ராம் 800டிஇ 230. ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிற்கும்போது தெரியும், விழும்போது நன்றாகவே தெரியும்.

விழுமா என்று கேட்காதீர்கள், விழும். மணலில், சேற்றில், அல்லது வீட்டு வாசலில் சைடு ஸ்டாண்டு சரியாக விரியாமல். தனியாகப் பயணம் போகிறவர், விழுந்ததைத் தானே தூக்க முடிய வேண்டும். தூக்கும் முறையை வாங்குவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்:

முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். பைக் வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிடுங்கள். நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்தால் ஸ்டாண்டு பிடித்துக்கொள்ளும். முடிந்தால் கியரில் போடுங்கள், உருளாமல் இருக்கும். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுதாகத் திருப்பிவிட்டு, பைக்குக்கு முதுகைக் காட்டி, இடுப்பின் கீழ்ப்பகுதி சீட்டில் படும்படி குந்துங்கள். ஒரு கை ஹேண்டில்பாரின் பிடியில், மறு கை பின்சீட்டுப் பிடியான கிராப் ரெயிலிலோ சட்டத்திலோ. முதுகு நேராக இருக்கட்டும். கைகளால் இழுக்காமல், காலால் தரையை உந்திப் பின்னோக்கி நடங்கள், சின்னச் சின்ன அடியாக. இடது பக்கம் விழுந்ததை நிமிர்த்தினால் ஸ்டாண்டு உங்கள் பக்கமே இருக்கும், நின்றதும் குதிகாலால் விரித்துக்கொள்ளலாம்.

முன்னால் குனிந்து, அரிசி மூட்டை தூக்குவதுபோல் இழுத்தவர்கள்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். நண்பர் ஒருவரின் பழைய பைக்கைப் புல்தரையில் மெதுவாகச் சாய்த்துவைத்து இதை இரண்டு தடவை செய்து பாருங்கள். 200 கிலோவை நிமிர்த்த முடியவில்லை என்றால் 170 கிலோ பைக்கைப் பாருங்கள். விரலுக்கேற்ற வீக்கம் போதும்.

எடையை மட்டுமல்ல, அது எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். 17 லிட்டர் டேங்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டும் சுமார் 12.5 கிலோ, அதுவும் உயரத்தில். டெஸ்ட் ரைடு பைக்கில் எப்போதும் இரண்டு லிட்டர்தான் இருக்கும், அதனால் அது லேசாகத்தான் தெரியும்.

சக்கரம், டயர், சஸ்பென்ஷன்

முன்சக்கரத்தின் அளவே பைக்கின் குணத்தில் பாதியைச் சொல்லிவிடும். 21 அங்குலம் என்றால் குழியிலும் கல்லிலும் ஏறி உருண்டு போகும், வளைவில் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும். 17 அங்குலம் தார் ரோட்டுக்கானது. 19 இரண்டுக்கும் நடுவே. ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வெஞ்சர், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210 மூன்றிலும் 21. 390 அட்வெஞ்சர் எக்ஸ், வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் ஆகியவற்றில் 19. வெர்சிஸ் 650-ல் 17. பெயரும் உடம்பும் அட்வெஞ்சர் மாதிரி இருந்தாலும் அது உயரமான டூரிங் பைக்.

நம் ஊர் ரோட்டுக்கு 19 போதும் என்பது என் கருத்து. நூற்றுக்குத் தொண்ணூறு தார், பத்து மோசமான தார் என்ற கணக்கில் அதுதான் பொருந்தும். 21 வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குழிகளில் அது தருகிற தைரியத்தை ஒரு முறை அனுபவித்தவர்கள் திரும்பி வருவதில்லை.

ஸ்போக் சக்கரமா, அலாய் சக்கரமா என்பதைவிட முக்கியமான கேள்வி டியூப் உண்டா, இல்லையா என்பது. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், ஆணியைப் பிடுங்கி, துளையை அரத்தால் தேய்த்து, ரப்பர் திரியைச் செருகி, சின்ன பம்பால் காற்று அடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால் அதற்கே கல் தேட வேண்டும், டயரை நெம்பி டியூபை எடுக்க வேண்டும். ராமநாதபுரம் பக்கம் கருவேலம் முள் ரோட்டோரம் கிடக்கிற ஊர்களில் ஓட்டுகிறவருக்கு இது வெறும் விவாதப் பொருள் அல்ல. ஹிமாலயன் 450 2023 நவம்பரில் வந்தபோது டியூப் வைத்த ஸ்போக் சக்கரத்தோடுதான் வந்தது, டியூப்லெஸ் ஸ்போக் பிறகுதான் கிடைத்தது. பழையது வாங்குகிறவர் எது மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: டியூப்லெஸ் அலாய் சக்கரம் பலமான குழியில் விழுந்து விளிம்பு வளைந்தால் காற்று நிற்காது. ஸ்போக் வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். டியூப்லெஸ் ஸ்போக் கிடைத்தால், பட்ஜெட் இடம் கொடுத்தால், அதை எடுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விஷயம் சுருக்கம். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்கிலும் அது சட்டப்படி உண்டு. மண்ணில் ஓட்டுகிறவருக்குப் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி வேண்டும். இதுவரை சொன்ன பைக்குகளில் பலவற்றில் அது இருக்கிறது. முன்சக்கரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

இன்ஜின்

இப்போது சிசிக்கு வருவோம். ஹிமாலயனின் 452 சிசி இன்ஜின் 40 பிஎஸ் பவரும் 40 என்எம் டார்க்கும் (இழுவை விசை) தருகிறது. ராயல் என்ஃபீல்டு தயாரித்த முதல் லிக்விட் கூல்டு (திரவத்தால் குளிரூட்டும்) இன்ஜின் அதுதான். கேடிஎம்மின் 399 சிசி தருவது 46 பிஎஸ், 39 என்எம். டிவிஎஸ்ஸின் 299 சிசி 36 பிஎஸ், 28.5 என்எம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 26.5 பிஎஸ், எக்ஸ்பல்ஸ் 210 சுமார் 25 பிஎஸ்.

நான்குவழிச் சாலையில் 90, 100-ல் நாள் முழுக்கப் போக 25 பிஎஸ்ஸும் போதும், ஆனால் ஓவர்டேக் செய்ய யோசிக்க வேண்டியிருக்கும். பின்னால் ஒருவர், இரண்டு பெட்டி, எதிர்க்காற்று என்று சேர்ந்தால் 35-க்கு மேல் இருப்பது நிம்மதி. 40-க்கு மேல் உள்ளது ஆசைக்கு. அதைத் தப்பு என்று சொல்லவில்லை, ஆசைக்குத்தானே இந்த வண்டியே.

மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்து இன்ஜின் திணறாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றைக் கொண்டுவராது. 40 பிஎஸ் பைக் அங்கே 20-25 பிஎஸ் பைக்தான். ஊட்டி, கொடைக்கானல் உயரமெல்லாம் 2,200 மீட்டரை ஒட்டியது. அங்கே இழப்பு தெரியும், தொல்லை தராது.

ஒற்றை சிலிண்டருக்கும் இரட்டை சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியும். ஒற்றை சிலிண்டரில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஹேண்டில்பாரும் கால் வைக்கும் பெக்கும் நடுங்கும். அந்த வேகம் நீங்கள் வழக்கமாகப் போகும் வேகமாக இருந்துவிட்டால் மூன்று மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். எந்த விவரக்குறிப்பிலும் இது இருக்காது, ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டேங்க்

டேங்க் கொள்ளளவை மைலேஜால் பெருக்குங்கள், அதில் ஐம்பது கிலோமீட்டரைக் கழியுங்கள். 17 லிட்டர், லிட்டருக்கு 28 என்றால் 425-க்கு மேல் வரும். 12 லிட்டர், லிட்டருக்கு 32 என்றால் 330-ஐ ஒட்டி. தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் இரண்டும் போதும். மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று எழுதிய பலகை பிரபலம். அந்த ஒரு ரோட்டுக்கு மட்டும் கேன் எடுத்துக்கொள்ளலாம்.

பணம்

ஷோரூம் விலை என்பது ஆரம்பம். இங்கே 350 சிசி என்ற கோடு உங்கள் பட்ஜெட்டை நன்றாக ஆட்டிவைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. வரிக்கு முந்தைய விலை இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்குக் கீழே வரி 36 ஆயிரம், மேலே 80 ஆயிரம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் 350-க்கு மேல் ஏறத்தாழ இரு மடங்கு, புது பைக்குக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம். அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 299 சிசியில் வந்திருப்பது வாங்குகிறவருக்கு எவ்வளவு வசதி என்று இப்போது புரியும்.

ஆன் ரோடு விலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட், முழங்கைக்கும் தோளுக்கும் பாதுகாப்புள்ள ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் இவற்றுக்கே நடுத்தரத் தரத்தில் முப்பதாயிரம் போய்விடும். பைக்குக்கு முதலில் வேண்டியது கிராஷ் கார்டும் ரேடியேட்டர் கார்டும். லிக்விட் கூல்டு பைக்கில் ஒரு கல் ரேடியேட்டரில் பட்டால் பயணம் அங்கேயே முடியும். கூடுதல் விளக்கு, அலங்காரப் பெட்டி எல்லாம் ஒரு வருடம் கழித்து.

பெட்டி வாங்கும்போது அவசரப்பட்டு அலுமினியப் பெட்டிக்குப் போகாதீர்கள். முதல் பயணங்களுக்குத் துணிப் பை போதும். கனமானதைக் கீழேயும் முன்னாலேயும் வையுங்கள், டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் பிஸ்கட்டும் மட்டும். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போய்ப் பாருங்கள். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. இரண்டு பக்கமும் அகலப் பெட்டி, பின்னால் உயரமான டாப் பாக்ஸ், முன்னால் காற்றைத் தடுக்கும் பெரிய கண்ணாடி வைத்த பைக்கைக் காற்று ஒரு லேனிலிருந்து அடுத்த லேனுக்கே தள்ளிவிடும்.

கடைசியாக, சர்வீஸ். உங்கள் வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், அங்கே இந்த மாடலை உண்மையில் எத்தனை பேர் கொண்டுவருகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். வாட்ச்மேனிடமோ டீக்கடையிலோ கேட்டாலே பாதி தெரியும். கிளட்ச் கேபிள், பிரேக் பேட், ஏர் ஃபில்டர், முன் பிரேக் லீவர் இந்த நாலும் இருப்பில் உண்டா என்று ஸ்பேர் கவுன்டரில் கேளுங்கள். ஆர்டர் போட்டால் வரும் என்ற பதில் கிடைத்தால், எத்தனை நாளில் என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியாகும் பைக்குகளில் ஒரு இண்டிகேட்டருக்காக ஒரு மாதம் காத்திருப்பவர்கள் உண்டு.

டெஸ்ட் ரைடு

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறைந்தது பத்துக் கிலோமீட்டர் கேளுங்கள், பன்னிரண்டு மணி வெயிலில் கேளுங்கள். விற்பனையாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. லட்சக்கணக்கில் கொடுக்கப்போவது நீங்கள்.

நெரிசலில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஃபேன் ஓடத் தொடங்கியதும் சூடு எந்தக் காலில் படுகிறது என்று கவனியுங்கள். முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு நடைவேகத்தில் போகமுடிகிறதா, இன்ஜின் துள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டு ஆட்டோ அகலத் தெருவில் யூ டர்ன் எடுங்கள். அப்புறம் காலியான ரோட்டில் பெக்கின் மேல் எழுந்து நின்று ஓட்டுங்கள். முதுகு வளையாமல் ஹேண்டில்பார் கைக்கு வர வேண்டும், முழங்கால் டேங்கைக் கவ்வ வேண்டும். குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில்பாரை உயர்த்த வழி உண்டா என்று கேளுங்கள்.

நெடுஞ்சாலை பக்கத்தில் இருந்தால் 80-லிருந்து 100 வரை மெதுவாக ஏற்றி, எந்த வேகத்தில் நடுக்கம், காற்று ஹெல்மெட்டின் எந்த இடத்தில் அடிக்கிறது என்று பாருங்கள். முன் காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதித் தலையைக் குலுக்கினால் நீண்ட பயணத்தில் கழுத்து வலி நிச்சயம். சில நேரம் சின்னக் கண்ணாடிதான் பெரியதைவிட நல்லது, சீரான காற்று நெஞ்சில் படும், தலை ஆடாது.

பின்னால் உட்காரப்போகிறவரை அழைத்துப் போங்கள். இதை அவசியம் செய்யுங்கள். அவர் ஏறி இறங்க முடிகிறதா, பிடிக்க இடம் இருக்கிறதா, கால் பெக் உயரத்தில் முழங்கால் மடங்கி வலிக்கிறதா என்று அவரே சொல்லட்டும். உயரமான சீட்டில் புடவையோடு ஏறுவது லேசான காரியம் இல்லை. இருவரும் உட்கார்ந்தபின் உங்கள் கால் எட்டும் அளவு மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

பழையது வாங்கினால்

உயரம் குறைந்தவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது பழைய ஹிமாலயன் 411. 2016-ல் வந்தது, சீட் 800 மி.மீ.தான், 24 பிஎஸ்தான். மெதுவான வண்டி, எடையும் கிட்டத்தட்ட 200 கிலோ. ஆனால் சந்தையில் நிறைய கிடைக்கிறது, ஏர் கூல்டு, ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கம்.

அட்வெஞ்சர் பைக்கைப் பழையதாக வாங்கும்போது மேலே பளபளப்பைப் பார்க்காமல் கீழே படுத்துப் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தடுப்புத் தகடான பாஷ் பிளேட்டில் கீறல் இருப்பது சகஜம், ஆழமான பள்ளம் இருந்தால் எங்கே அடி வாங்கியது என்று கேளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஹேண்டில்பாரை இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் தடுக்கினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. முன் ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் இருந்தால் சீல் மாற்ற வேண்டும். கிளட்ச், பிரேக் லீவரின் நுனி தேய்ந்திருந்தால் விழுந்திருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறவரிடம் வாங்கலாம்.

காகிதத்தில், ஆர்சியில் கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே பணம். வேறு மாநிலப் பதிவு என்றால் அங்கிருந்தும் என்ஓசி வேண்டும், இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும். விலை மலிவாகத் தெரிவதன் காரணம் பல நேரம் இதுதான்.

எனக்கென்று கேட்டால்

நகரத்தில் தினமும் ஓட்டி, மாதம் ஒரு முறை வெளியூர் போகிற, ஐந்தரை அடி உயரமுள்ள புதியவருக்கு நான் கைகாட்டுவது அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் அல்லது வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ். முதலாவது பவருக்கு, இரண்டாவது எடைக்கு. இருவராக, சாமானோடு, நீண்ட தூரம் என்றால் ஹிமாலயன் 450. தனியாக, வேகமாக, வளைவுகளில் விளையாட வேண்டும் என்றால் 390 அட்வெஞ்சர் எக்ஸ். மண் ரோடுதான் உயிர், நெடுஞ்சாலை பற்றிக் கவலை இல்லை என்றால் எக்ஸ்பல்ஸ் 210. இதில் அப்பாச்சி ஓசூரிலும் ஹிமாலயன் சென்னைப் பக்கத்திலும் தயாராகின்றன என்பது கூடுதல் சந்தோஷம், தேர்வுக்குக் காரணம் இல்லை.

650, 800 பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் இவற்றில் ஒன்றை இரண்டு வருடம் ஓட்டிவிட்டுப் போங்கள். அதற்குள் மறுவிற்பனை விலை பெரிதாக இறங்காது, உங்களுக்கு எது வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

டெலிவரி எடுக்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுப்பதற்கு முன் கிளட்ச், பிரேக் லீவர்களின் கோணத்தை உங்கள் கைக்கேற்ப மாற்றித் தரச் சொல்லுங்கள், பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடு (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம்) எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், டயர் காற்றை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு இன்ஜினைச் சிவப்புக் கோட்டுக்கு இழுக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்கவும் வேண்டாம். முதல் சர்வீஸில் ஆயிலோடு செயின் தளர்வையும், ஸ்போக் சக்கரமாக இருந்தால் கம்பிகளின் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயால் சொன்னது மெக்கானிக் வரை போகாது.